சிறைக்குள் குடிநோய் மீட்பு: சக சிறைவாசி துணையாவது எப்போது?

நாள்தோறும் குடித்துப் பழகிய உடலில், குடி நின்ற ஆறேழு மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தொடங்கிவிடுகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வேறு சிலருக்கு, நம் ஊர்களில் ஜன்னி என்று சொல்லப்படும் மனக்குழப்பம் காண்கிறது. இல்லாத உருவங்கள் தெரியும், கேட்காத குரல்கள் கேட்கும். உரிய மருந்து கிடைக்காவிட்டால் இந்த நிலை உயிரைப் பறிக்கும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ கைது செய்யப்படும் ஒரு கூலித் தொழிலாளிக்கு இந்த நான்கு நாள்கள் எங்கே கழியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் இரவு காவல் நிலையத்தில். நீதித்துறை நடுவரின் முன் நிறுத்தப்பட்ட பிறகு அடுத்த இரவுகள் கிளைச் சிறையிலோ, அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி மத்தியச் சிறையிலோ. அவர் நடுங்குவதையும் பிதற்றுவதையும் முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொரு சிறைவாசிதான்.

அந்த இன்னொரு சிறைவாசியை நம்பி எழுந்ததே சகத்துணை மீட்பு முறை. குடியிலிருந்தோ கஞ்சா, மாத்திரை, ஊசி போன்ற பிற போதைகளிலிருந்தோ மீண்டு வந்தவர், மீள விரும்புகிறவருக்குத் துணை நிற்கிறார். மருத்துவரும் மனநல ஆலோசகரும் வந்து செல்பவர்கள். சக சிறைவாசியோ இருபத்து நான்கு மணி நேரமும் உடன் இருப்பவர். ‘உன் நிலையில் நான் இருந்தேன்’ என்று அவர் சொல்லும்போது கேட்பவரின் வெட்கம் குறைகிறது. சொல்பவருக்கும் தம் மீட்பைக் காத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. உலகின் பல சிறைகளில் பயன் தந்த முறை இது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இந்தியச் சிறையில் ‘சக’ என்ற சொல்லே ஆராயப்பட வேண்டிய சொல். சாதியால் பிரிக்கப்பட்ட கொட்டடிகளில் யாருக்கு யார் சகமனிதர்? இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்று எந்த மீட்புத் திட்டத்தையும் இங்கே உருவாக்க முடியாது என்பதே நம் நிலைப்பாடு.

இரண்டு மாவட்டங்களும் ஒரு கடையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 விழுக்காட்டினர். மாநில அளவு 20 விழுக்காடு. மானாவாரி நிலம், மக்காச்சோளம், பருத்தி, முந்திரி, கல் குவாரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை என்று இம்மாவட்டங்களின் பொருளாதாரத்தைச் சில சொற்களில் அடக்கிவிடலாம். இவற்றுள் தலித் மக்களுக்கு எட்டியது பெரும்பாலும் அன்றாடக் கூலி. அன்றாடக் கூலியின் அருகிலேயே டாஸ்மாக் கடை நிற்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில் இருக்கிறது; 2024–25இல் அதன்வழி மாநிலத்துக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் நீலகிரிக்குப் பிறகு முதலில் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று. பாட்டிலைத் திரும்பப் பெற ஒரு நடைமுறை வகுக்க அரசால் முடிகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

குடி என்றதும் சேரியைச் சுட்டுவது ஆதிக்கச் சாதிப் பொதுப்புத்தியின் பழைய வழக்கம். உண்மை வேறு. ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகக் கணக்கிட்டது. குடி எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. விளைவுதான் சமமாக இல்லை. வசதி படைத்தவரின் குடி வீட்டுக்குள் முடிகிறது அல்லது தனியார் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறது. ஏழையின் குடி தெருவில் நடக்கிறது, தகராறாகிறது, வழக்காகிறது. அதே ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான். மீதிப் பேரில் ஒரு பகுதியினருக்குச் சிறைதான் குடி நிற்கும் முதல் இடமாக அமைகிறது. இந்தியச் சிறைவாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள். மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 16.6 விழுக்காடு.

சில தொழில்களில் குடி கூலியின் பகுதியாகவே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. பிணம் எரித்தல், சாவுக்குப் பறையடித்தல், மலக்குழியில் இறங்குதல் ஆகிய வேலைகளைச் செய்ய வைப்பதற்கு முன் குடிக்க வைத்தார்கள். நாற்றத்தையும் இழிவையும் தாங்கச் செய்வதற்கான மலிவான வழி அது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை ஒத்த ஒன்றை விளக்குகிறார். கிறிஸ்துமஸ் விடுமுறை நாள்களில் அடிமைகள் மிதமிஞ்சிக் குடிப்பதை உடைமையாளர்கள் விரும்பி ஊக்குவித்தார்கள். விடுதலை என்றால் இவ்வளவுதான் என்று அடிமைகளே சலித்துக்கொள்ளட்டும் என்பது அவர்களின் கணக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இறந்தவர்கள் பெரும்பாலும் யார், எந்தத் தெருவினர் என்பதை நாடே பார்த்தது. அடுத்த சில நாள்களில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சிறைக்குச் செல்வோர் தொகை இதனால் கூடலாம். சிகிச்சை பெறுவோர் தொகை கூடுவதற்கு இச்சட்டத் திருத்தம் வழி செய்யவில்லை.

முறை வந்த வழி

சகத்துணை மீட்பின் நவீன வடிவம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பிறந்தது. பங்குத் தரகரான பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும், இருவருமே குடிநோயாளிகள், தங்களுக்குள் பேசிப் பேசிக் குடியை நிறுத்தினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கம் அப்படித் தோன்றியது. 1942இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் அதன் முதல் சிறைக் குழு கூடியது. இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது. இந்த இயக்கத்தில் நமக்கு மிகவும் பிடித்த கூறு, அங்கே தலைவர் இல்லை என்பதே. கூட்டத்தை நடத்துபவர் முறைவைத்து மாறுவார். கட்டணம் இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை, பெயருக்குப் பின்னால் சாதியும் இல்லை.

இரண்டாம் வகை, ‘சிகிச்சைச் சமூகம்’ எனப்படுவது. மீள விரும்புகிறவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்து, வேலைகளைப் பகிர்ந்து, ஒருவரை ஒருவர் கண்டித்தும் தாங்கியும் மாறுவது. 1958இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் தொடங்கிய சினனான் அமைப்பு இதன் முன்னோடி. அதன் கதையை ஆர்வலர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். மீண்டவர்களே நடத்திய அந்த அமைப்பு, கேட்பாரற்ற ஒற்றைத் தலைமையின் கீழ் ஒரு வழிபாட்டுக் குழுவாகச் சீரழிந்தது. 1978இல் தங்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வழக்கறிஞரின் அஞ்சல் பெட்டிக்குள் அதன் உறுப்பினர்கள் நச்சுப் பாம்பை வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிறார்கள் என்பதாலேயே ஓர் அமைப்பு மக்களாட்சித் தன்மை பெற்றுவிடாது. அதே முறையின் நல்ல வடிவங்களும் உண்டு. 1977இல் நியூயார்க் சிறையொன்றில் தொடங்கிய ‘ஸ்டேயின் அவுட்’ திட்டத்தை, சிறையிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டவர்களே பணியாளர்களாக இருந்து நடத்தினார்கள். அங்கே ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை இருந்தவர்கள் வெளியே வந்த பிறகு நன்றாக நிலைத்ததாக மதிப்பீடுகள் காட்டின.

இந்தியாவில் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு தில்லியின் திகார் சிறை. 1993இல் கிரண் பேடி அதன் பொறுப்பை ஏற்ற பிறகு, படித்த சிறைவாசி படிக்காதவருக்குக் கற்பித்தார். சிறைவாசிகளின் பஞ்சாயத்துகள் அமைந்தன. ஆஸ்ரா என்ற தொண்டு நிறுவனம் சிகிச்சைச் சமூக முறையில் போதை மீட்புப் பிரிவை நடத்தியது. 2008இல் ஓபியம் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு புப்ரனார்பின் மாற்று மருந்து தரும் திட்டமும் அங்கே தொடங்கியது. திகாரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதிகாரியைப் புகழ்வதிலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு அங்கே முதன்மையாகத் தெரிவது வேறொன்று: தூய்மைப் பணியையும் படுக்கை விரிப்பதையும் கூட்டம் நடத்துவதையும் ஒரே வட்டத்தினர் மாறிமாறிச் செய்யும் ஒழுங்கு இந்தியச் சிறையொன்றில் நடத்திக் காட்டத்தக்கது என்பது.

தமிழகத்துக்கு உள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. அது சிறைக்கு வெளியிலிருந்து வந்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளிகளைச் சென்னைக்கு அழைப்பதற்கு மாறாக, திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று பதினைந்து நாள் முகாம்களை நடத்தியது. முகாமுக்குப் பிறகும் மாதந்தோறும் தொடர் சந்திப்புகள் நடந்தன. ஊராரும் முன்பே மீண்டவர்களும் புதியவர்களுக்குத் துணை நின்றார்கள். நகர மருத்துவமனைக்குப் போக வழியற்ற விவசாயக் கூலிகளுக்குக் குறைந்த செலவில் தொடர் சிகிச்சை தர முடியும் என்பதை அம்முகாம்கள் மெய்ப்பித்தன. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் மிக நெருங்கிய முன்மாதிரி நம் பார்வையில் அதுவே.

வட்டத்துக்குள் சாதி

சிறைவாசிகளுக்குள் ஒருவரைத் தேர்ந்து மற்றவர்களைக் கவனிக்க வைப்பது சிறை நிர்வாகத்துக்குப் புதிதன்று. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 23ஆம் பிரிவில், சிறை அலுவலராக அமர்த்தப்பட்ட கைதியைப் பொது ஊழியராகவே கருதுகிறது. கன்விக்ட் வார்டர் என்ற பதவி அதன் விளைவு. கண்காணிப்பதும் காட்டிக்கொடுப்பதும் வேலை வாங்குவதும் அப்பதவியின் இயல்பு. யார் அப்பதவிக்கு வந்தார்கள்? நீண்ட தண்டனை பெற்றவர், படித்தவர், வெளியே செல்வாக்கு உள்ளவர். சாதி ஏணியில் இவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீட்புக் குழுவின் ‘துணைவர்’ என்ற பெயரில் அதே மனிதரே மீண்டும் அமர்த்தப்பட்டால், அது பழைய பதவிக்குப் புதுப் பெயர் சூட்டியதாகவே முடியும்.

2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. சாதி அடிப்படையில் வேலை ஒதுக்குவதும் சாதி அடிப்படையில் கொட்டடி பிரிப்பதும் அரசமைப்பின் 14, 15, 17, 21, 23 ஆகிய உறுப்புகளுக்கு எதிரானவை என்று அத்தீர்ப்பு அறிவித்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. தமிழகத்துக்கு அதில் தனியே ஓர் இடம் உண்டு. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைக்கும் நடைமுறையை, மோதலைத் தவிர்க்கவே அது செய்யப்படுகிறது என்ற அரசின் வாதத்தை ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் சி. அருள் வழக்கில் முன்பு அனுமதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை மறுத்தது. ஒழுங்கைக் காக்கப் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழி தெரியாத நிர்வாகத்தின் இயலாமைக்குச் சிறைவாசிகள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

சாதிவாரிக் கொட்டடியில் மீட்புக் குழு கூடினால் அது சாதிக் குழுவாகவே கூடும். அங்கே ஒருவர் தம் குடியின் கதையைச் சொல்லும்போது, அக்கதையின் பாதி கேட்பாரின்றிப் போகும். ஆதிக்கச் சாதி இளைஞர் ஒருவர் குடித்துவிட்டு எந்தத் தெருவுக்குள் பைக்கில் சென்றார், யாரை ஏசினார் என்பதைத் தம் சாதியினர் நடுவில் வீரமாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தெருவில் வாழ்ந்தவர் எதிரில் அமர்ந்திருந்தால் அதே கதை வேறாகும். மறுபுறம், தலித் சிறைவாசி ஒருவர் தாம் பட்ட அவமானத்தைக் கலப்புக் குழுவில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவார். ‘உன் குடிக்குச் சாதியைச் சாக்குச் சொல்லாதே’ என்ற ஒரு சொல் போதும், அவர் மறுநாள் வரமாட்டார். இரண்டு இடர்களும் உண்மையானவை.

ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்குள் கூடி மீண்ட வரலாறுகளும் நம் முன் இருக்கின்றன. 1946 முதல் 1952 வரை சிறையில் இருந்த மால்கம் எக்ஸ், போதையையும் திருட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தவர். பின்னர் அவர் சார்ந்திருந்த இயக்கத்தில், போதையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களே தங்கள் பழைய தெருக்களுக்குத் திரும்பிச் சென்று மற்றவர்களை மீட்ட முறையைத் தம் தன்வரலாற்றில் விரிவாக விளக்குகிறார். போதை ஒரு தனிமனிதப் பலவீனம் என்பதோடு நில்லாமல், கறுப்பின மனிதர் தம்மை வெறுக்கக் கற்பிக்கப்பட்டதன் விளைவு என்று உணர்த்துவதே அதன் முதல் படி. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கானோரை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதுவும் தன்மதிப்பை மீட்டெடுத்த மக்கள் கூட்டாக எடுத்த முடிவு. ‘ஹரிஜனங்களைக் குடியிலிருந்து திருத்துவது’ என்ற மேலிருந்து வரும் இரக்கத்துக்கும் இதற்கும் நெடுந்தொலைவு.

அப்படியானால் தலித் சிறைவாசிகளுக்குத் தனிக் குழுக்கள் வேண்டுமா? நிர்வாகம் பிரித்து அடைப்பது வேறு, மக்கள் தாங்களே விரும்பிக் கூடுவது வேறு. முன்னது தீண்டாமை, பின்னது அமைப்பாகும் உரிமை. பொதுக் குழு கலந்தே அமைய வேண்டும். அதை நடத்தும் பொறுப்பு முறைவைத்து மாறும்போது தலித் சிறைவாசியும் அந்த இருக்கையில் அமர வேண்டும். அவர் பேசுவதை மற்றவர்கள் கேட்டாக வேண்டும். அதற்கு அப்பால், விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் அதற்கும் இடம் தர வேண்டும். குழுவுக்கான கழிவறையையும் கூட்ட அறையையும் பெருக்குவது யார் என்பதை வைத்தே அக்குழுவின் தன்மையை ஒரு வாரத்தில் கண்டுகொள்ளலாம்.

விசாரணைக் கைதியின் வாய்

வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுத்து வருவோர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அந்தத் திட்டங்கள் தண்டனை பெற்றவர்களுக்காக வகுக்கப்பட்டவை. இந்தியச் சிறைகளிலோ 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது படி, தாம் செய்த தவறுகளை இன்னொரு மனிதரிடம் ஒளிவின்றி ஒப்புக்கொள்வது. வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு இது ஆபத்து. காவல்துறையிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் நீதிமன்றக் காவலில் இருக்கும்போது சக கைதியிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதல் என்ற வகையில், வலுக்குறைந்த சான்றாயினும், அதை முன்வைக்க இயலும். தம் மீது பொய் வழக்கு போடப்பட்ட தலித் இளைஞர், மீட்புக் குழுவில் மனம் திறந்து பேசிய ஒரு சொல் மாற்றிச் சொல்லப்பட்டு அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். எனவே, வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், குடியைப் பற்றி மட்டும் பேசுவோம் என்ற விதியை முதல் நாளிலேயே சொல்லி, கூட்டம்தோறும் மறுபடியும் சொல்ல வேண்டும். குழுவில் காவலர் அமரக்கூடாது. யார் வந்தார் என்ற பதிவைத் தண்டனைக் குறைப்புடனோ பரோலுடனோ இணைக்கவும் கூடாது; இணைத்தால் வருகை கூடும், உண்மை குறையும்.

விசாரணைக் கைதி எப்போது பிணையில் போவார் என்பதை யாரும் சொல்ல முடியாது. பத்து நாளிலும் போகலாம், பத்து மாதமும் ஆகலாம். ஆகவே ஓராண்டுப் பாடத்திட்டம் அவருக்குப் பொருந்தாது. எந்த நாள் வந்தாலும் தொடங்கக்கூடிய, எந்த நாள் போனாலும் வெளியே தொடரக்கூடிய கூட்டமே பொருந்தும். தொடக்க நாள்களின் மருத்துவத்தைச் சகத்துணை ஈடுசெய்யாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்புக்கும் ஜன்னிக்கும் மருந்தும் தயமின் ஊசியும்தான் தேவை. அங்கே சக சிறைவாசியின் பணி, அறிகுறியை அறிந்து மருத்துவரை அழைப்பது. அழைத்தால் மருத்துவர் வருவதை உறுதிசெய்வது நிர்வாகத்தின் கடமை.

பெண் சிறைவாசிகளைப் பற்றிச் சுருக்கமாகவே இங்கே சொல்ல முடிகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் குடித்தவர்கள் அல்லர். குடித்த கணவரால் சிதைந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். குடிநோயாளியின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் முறையே அவர்களுக்கு ஏற்றது.

வாயிலுக்கு வெளியே

அமெரிக்காவின் டெலவர், கலிபோர்னியா மாநிலங்களின் சிறைத் திட்டங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டின. சிறைக்குள் மட்டும் சிகிச்சை பெற்றவர்களுக்குக் காலப்போக்கில் பயன் கரைந்தது. வெளியே வந்தும் தொடர்ந்தவர்களுக்கு நிலைத்தது. கலிபோர்னியாவில் மூன்றாண்டு முடிவில், உள்ளும் வெளியும் முழுமையாகத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காட்டினர் மீண்டும் சிறைக்குத் திரும்பினர். மற்றவர்களில் 75 விழுக்காட்டினர். தொடர்ந்து வருபவர்கள் இயல்பிலேயே உறுதி மிக்கவர்களாக இருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு இடமுண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு சிறிதன்று.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ‘வெளியே’ என்பது எது? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, அகற்றப்பட்ட கடைகள் ஊர்களுக்குள் இடம் தேடின. 2017இல் தமிழகமெங்கும் பெண்கள் அக்கடைகளின் முன் அமர்ந்து போராடினார்கள். பிணையில் வருபவர் அந்தத் தெருவுக்கே திரும்புகிறார். வேலை பழைய மேஸ்திரியிடம், மாலைக்கூலி பழைய கூட்டாளிகளுடன். நகரத்தில் நடக்கும் மீட்புக் கூட்டத்துக்கு மாலைப் பேருந்தில் போனால், இரவு திரும்பிவரப் பேருந்து கிடைக்க வேண்டும். போகாமல் நிற்பதற்கு இவ்வளவே போதுமான காரணம். எனவே கூட்டம் காலனிக்கு வர வேண்டும். அம்பேத்கர் மன்றமும் இரவுப் பாடசாலையும் அதற்கான இடங்கள். மீண்டவர்கள் வாரம் ஒருமுறை அங்கே கூடட்டும். அவர்களே சிறைக்கு மனு பார்க்கச் சென்று, வெளியே வரப்போகிறவருக்கு முகம் காட்டி வரட்டும். கல்லூரி மாணவர்களின் வேலை அவர்களுக்குப் பாடம் எடுப்பது அன்று. பேருந்துச் செலவு, அடையாள அட்டை, பிணை நிபந்தனைக் கையெழுத்து, மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டாலே போதும். 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. பெரம்பலூருக்கு இன்னும் இல்லை. இரு மாவட்டங்களின் சிறைவாசிகளுக்கும் அந்தக் கல்லூரியின் மனநலப் பிரிவைத் தொடர் சிகிச்சை மையமாகக் கேட்பது நியாயமான கோரிக்கை.

சட்டம் தரும் பிடிமானங்கள்

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கியவர் தாமே முன்வந்து அரசு ஏற்ற நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. 39ஆம் பிரிவு, குற்றம் உறுதியான பிறகும் தண்டனைக்கு மாறாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கீழமை நீதிமன்றங்களில் இவ்விரு பிரிவுகளையும் எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. இரு மாவட்டங்களிலும் அதற்கான ஆணைக்குழுக்கள் நீதிமன்ற வளாகங்களிலேயே இயங்குகின்றன.

இவற்றினும் வலிமையானது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் அது சேர்த்திருக்கிறது. 103ஆம் பிரிவு, மாநிலத்தில் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்கக் கட்டளையிடுகிறது. அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தம் சிறையில் மனநோயுள்ள கைதி எவரும் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளித்து அறிக்கை அனுப்ப வேண்டும். கைநடுக்கத்தோடு உள்ளே வந்தவர்கள் அந்த மூன்று மாதங்களில் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்கு மருந்து தரப்பட்டது, எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கின்றி இந்தச் சான்றை நேர்மையாக எழுத முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில், திருச்சி மத்தியச் சிறை அனுப்பிய இந்தக் காலாண்டு அறிக்கைகளின் நகல்களைக் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். குறிப்பிட்ட ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பற்றிய தகவலாக இருந்தால், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 7(1) பிரிவு.